அப்பா வாசித்த கிலோமீட்டர்கள்

1

இந்தக் கதை வீட்டுப்பாடமாகத் தொடங்கியது. ஹைதராபாத் தார்நாகாவில் வாரம் இரண்டு மாலை நடக்கும் தமிழ் எழுத்து வகுப்பில், 'ஒரு பயணத்தை எழுதுங்கள்' என்றார் ஆசிரியர் ஜெயச்சந்திரன். என்னிடம் ஒன்று தயாராக இருந்தது: அப்பாவின் வண்டி. சனத்நகர் பட்டறை ஒன்றில் பழைய வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திய வீட்டு வண்டி. அதில் அப்பா, அம்மா, நான் மூவரும் பதினொரு நாள் நெடுஞ்சாலையைத் தொடாமல் கிராமத்துச் சாலைகளிலேயே சுற்றினோம்.

முதல் தொடக்கம்: "நெடுஞ்சாலையில் போனால் ஊர்களே தெரிவதில்லை என்பார் அப்பா. அதனால்தான்

(நிறுத்திவிட்டேன். அதனால்தானா?)

2

பாத்திரங்கள். தண்டபாணி, என் அப்பா, வயது அறுபத்து மூன்று, பாதுகாப்பு ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதிவேட்டில் ஏறாத எதையும் நம்பமாட்டார். வண்டி நிற்கும்போதெல்லாம் அவர் ஓடோமீட்டரை வாசிப்பார், நான் எழுதுவேன். மங்கையர்க்கரசி, என் அம்மா. முன் இருக்கையில் உட்கார்ந்து வழியில் வரும் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவாள். "குறுகலான பாலம். பள்ளிக்கூடம். ஏங்க, எதிர்ல டிராக்டர் வருது."

(இதை நகைச்சுவைக்காகச் சேர்த்தேன். இப்போது எனக்கே சிரிப்பு வரவில்லை.)

3

எட்டாம் நாள், பீதருக்கு அப்பால். ஓரிடத்தில் சாலையை வெட்டிப் போட்டிருந்ததால் சுற்றிக்கொண்டு போனோம். மதியம் சாப்பிட்டுவிட்டு அம்மா பின்னால் படுத்துவிட்டாள். முன் இருக்கையில் நான். எருமைகள் சாலையைக் கடந்தன. மிக அருகில் போன பிறகுதான் அப்பா பிரேக்கை மிதித்தார். [மிக அருகில் என்றால்? ஒரு கட்டில் நீளம். அளக்கவில்லை.]

ஓரமாக நிறுத்தி, வழக்கம்போல ஆரம்பித்தார்.

"எழுதிக்கோ சுபா. நாப்பத்தோராயிரத்து இருநூத்தி ஆறு."

எட்டிப் பார்த்தேன். 41,234. காலையில் இருந்த எண்ணோடு வரைபடத்தில் உள்ள தூரத்தை மனதுக்குள் கூட்டிச் சொல்லியிருக்கிறார். சுற்றுவழியைச் சேர்க்க மறந்துவிட்டார்.

"எத்தனை நாளா தெரியலப்பா?"

"வெயில் கூசுது."

வானம் மூடியிருந்தது.

"தெரியுதும்மா. நடுவுல மட்டும் கொஞ்சம் கலங்கல். எதிர்ல வண்டி அதிகம் வராத ரோடா பார்த்துத்தானே ஓட்டறேன்." பிறகு மெதுவாக, "அம்மாகிட்ட நக்கோ, சொல்ல வேணாம்," என்றார். பயந்தால் அப்பாவின் பேச்சில் ஹைதராபாத் வந்துவிடும்.

பின்னாலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "என்ன நின்னுடுச்சு?"

"எருமைம்மா."

"உங்கப்பா எருமைக்கெல்லாம் வழி விடுவார். நான் பேசினா விடறாரா பாரு."

பதிவேட்டில் 41,206 என்றே எழுதினேன். மீதி மூன்று நாளும் நானும் அம்மாவோடு சேர்ந்து, எதிரில் வருவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

4

அம்மா என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். அவள் பேசிக்கொண்டே வருவது பழக்கமா, அப்பாவுக்குக் கண்ணாக இருப்பதா? தெரிந்தவள் அன்று எப்படிப் படுத்துத் தூங்கினாள்? மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று அம்மாக்கள் வந்தார்கள்.

முடிவு அ: அப்பா தானாகவே சாவியைக் கொடுத்துவிடுகிறார். (அவரைத் தெரியாதவர்கள்தான் இப்படி எழுத முடியும்.)

முடிவு ஆ: சாதாரணக் கண்புரைதான் என்கிறார் மருத்துவர். (இது என் ஆசை. மருத்துவரிடம் இன்னும் போகவே இல்லை.)

முடிவு இ: நான் அம்மாவிடம்

5

சனிக்கிழமை மறுபடி கிளம்புகிறோம். இந்த முறை அக்கா தாரிணியும் அவளுடைய நான்கு வயது மகளும் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை இந்தக் கதையை நான் வகுப்பில் படிக்க வேண்டும். வண்டியைப் பற்றியது என்று கேள்விப்பட்டு அம்மாவும் கேட்க வருகிறாள். "என்னைக் கேலி பண்ணியிருந்தா அங்கேயே எழுந்து சண்டை போடுவேன்," என்றிருக்கிறாள்.

மூன்றாம் பகுதி இல்லாத பிரதி ஒன்றும் எழுதி வைத்திருக்கிறேன். அதில் எல்லாக் கணக்கும் சரியாக வருகிறது. உங்கள் கையில் இருப்பது மற்றது. அப்படியென்றால் வகுப்பில் இதைத்தான் படித்தேன், அம்மா கேட்டுவிட்டாள் என்று பொருள். அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. சனிக்கிழமை காலை ஓட்டுநர் இருக்கையில் யார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: குழந்தை ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.