ஒரே ஒரு சிவப்புக் கோடு

"ஏழுதாம்மா போட்டாங்க" என்று மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நோட்டை நீட்டினாள். வேலை முடிந்து, மகளை அழைத்துப் போக அக்கா வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள் அவள். ஒன்பது வயதுப் பெண் தினமும் டைரி எழுதுகிறாளே என்று பூரித்துப் போய் அவளே வாங்கிக் கொடுத்த நோட்டு அது. டைரிக்கு எதற்கு மார்க் என்று நினைத்தபடி பிரித்தாள். பென்சிலில் குண்டு குண்டாக, 'பெரியப்பா தட்டைத் தூக்கி எறிந்தார்.' அதன்மேல் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே அக்காவின் மணிமணியான கையெழுத்து: 'பெரியப்பாவின் கை தவறித் தட்டு விழுந்தது.' ஓரத்தில் பத்துக்கு ஏழு. அடியில், 'நல்ல முயற்சி. நடந்ததை மட்டும் எழுதப் பழகவும்.'

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடந்ததை மட்டுமாம்!

அக்கா பள்ளி ஆசிரியை. அவளைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா இல்லாத வீட்டில் தங்கைக்குத் தலை வாரி, சோறு போட்டு, பாடம் சொல்லிக் கொடுத்து ஆளாக்கியவள். ஆசிரியர் பயிற்சிக்குப் போன புதிதில் திருத்திப் பழக வேறு நோட்டு கிடைக்காமல் தங்கையின் டைரியில் கை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் அந்தத் திருத்தம் தவறாது. பயிற்சி முடிந்து வேலையே கிடைத்த பிறகும் அது நிற்கவில்லை. பதினாறு வயதில் தங்கை டைரி எழுதுவதை விட்டபோது வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

"நீ சின்ன வயசுல எழுதினதைப் பார்த்து எழுதணுமாம்" என்று மகள் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்தாள். பழுப்பு அட்டை போட்ட பழைய நோட்டு. லேபிளில் அவளுடைய பதினோராம் வயது. அக்கா இதையெல்லாம் முப்பது வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததே அவளுக்குத் தெரியாது.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அன்று மத்தியானம்கூட ஒரு சிறுமியைக் கொண்டு வந்திருந்தார்கள். மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்றார் கூட வந்தவர். படத்தில் முறிவு எலும்பைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. விழுந்தால் எலும்பு ஒரு மாதிரி உடையும், திருகினால் இப்படிச் சுற்றி உடையும். டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தபோது அவளுடைய இடது முன்கை வலித்தது. சின்ன வயதில் உடைந்து கோணலாகச் சேர்ந்த கை. உள்ளங்கை முழுதாக மேலே திரும்பாது. யார் கேட்டாலும் ஊஞ்சலில் இருந்து விழுந்தேன் என்பாள். அந்த ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட்டதுகூட அவளுக்கு நினைவில் இருந்தது.

பழைய நோட்டைப் புரட்டினாள். 'ஊஞ்சலில் இருந்து விழுந்தேன்.' சிவப்பு மையில் அக்காவின் எழுத்து. அதற்குக் கீழே, கோட்டுக்கு அடியில், ஒரு எழுத்துகூட மறையாமல் அவளுடைய சின்ன வயதுக் கையெழுத்து. 'அப்பா கையைத் திருகினார். கடக் என்று கேட்டது.' பத்துக்கு ஒன்பது.

"அக்கா, இங்க வா."

அக்கா தொட்டிப் பக்கம் நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "மார்க் குறைஞ்சு போச்சுன்னு அழறாளா? அடுத்த தடவை எட்டு போட்டாப் போச்சு."

"நம்ம வீட்டுல ஏதுக்கா ஊஞ்சல்?"

குழாய் நின்றது. கூடத்தில் அத்தான் பார்த்துக்கொண்டிருந்த டிவி மட்டும் இரைந்தது.

"அப்பா எதையும் விட மாட்டாரு, எடுத்துப் பார்ப்பாரு. திருத்தின நோட்டுன்னா மார்க்கைப் பார்த்துட்டு மூடிடுவாரு. திருத்தாம விட்டிருந்தா உன் இன்னொரு கையும் போயிருக்கும்டி. உன்னைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்."

"அப்ப கிறுக்கி அழிச்சிருக்கலாமே? ஏன் ஒரே கோடு?"

"அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. தப்பை அழிக்கக் கூடாது, தெரியற மாதிரி அடிக்கணும்னு." அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "பழக்கம்."

அக்கா சொன்னது பொய்யில்லை. அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. பொய்யாக இருந்தால் நாலு வார்த்தை கத்திவிட்டுப் போயிருக்கலாம். காப்பாற்றினாள், சரி. காப்பாற்றி முடித்த பிறகாவது உட்கார வைத்து, கை உடைந்தது இப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? முப்பது வருஷம் இல்லாத ஊஞ்சலில் ஆட விட்டாளே!

"அப்பா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. இப்ப யார் எடுத்துப் பார்க்கப் போறாங்கன்னு இவ நோட்டுல எழுதினே?"

அக்காவின் கண் கூடத்துப் பக்கம் போய் வந்தது. எப்போதும் படிய வாரும் முடியை அக்கா இன்று நெற்றி மேல் இழுத்துவிட்டிருந்ததை அப்போதுதான் அவள் கவனித்தாள். முடிக்கு அடியில் பிளாஸ்திரியின் ஓரம் தெரிந்தது. மகளின் நோட்டை மறுபடி பார்த்தாள். அடுத்த வரியிலும் சிவப்புக் கோடு இருந்தது. 'பெரியம்மா நெற்றியில் ரத்தம் வந்தது.' அதற்கு மேலே எதுவும் எழுதியிருக்கவில்லை. அந்த வரிக்கு அக்காவுக்கு ஊஞ்சல் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அவள் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "நீ என்ன பார்த்தே? பயப்படாம சொல்லு."

மகள் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் நோட்டைப் பார்த்தாள். "எறிஞ்ச மாதிரிதான் இருந்துச்சும்மா. ஆனா... கை தவறியும் இருக்கலாம். எனக்குச் சரியாத் தெரியல."

நோட்டில் நேற்றைய தேதிதான் இருந்தது. அதற்குள் குழந்தைக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

நோட்டை அக்காவின் பக்கம் தள்ளினாள். "கோட்டுக்குக் கீழ இருக்கறதைப் படி. அவ காதுல விழற மாதிரி படி. இல்லேன்னா இன்னியோட இவ இங்க வர மாட்டா. நானும்தான்."

"மெதுவாப் பேசுடி. கேக்கும்."

"கேக்கட்டும்! முப்பது வருஷமா மெதுவாத்தானே பேசினோம்?" அவளே படித்தாள், வாய்விட்டு. "பெரியப்பா தட்டைத் தூக்கி எறிந்தார். பெரியம்மா நெற்றியில் ரத்தம் வந்தது."

டிவி நின்றது.

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவள் கை நேராக ஜாடியில் இருந்த சிவப்புப் பேனாவுக்குத்தான் போனது. இன்னொரு கோடா என்று பிடுங்கப் போன தங்கை அப்படியே நின்றாள். அக்கா பேனாவை வைத்தது குழந்தையின் எழுத்தில் இல்லை, தன் எழுத்தில். 'பெரியப்பாவின்' என்ற சொல்லின்மேல் மெல்ல ஒரு கோடு கிளம்பியது. மகள் மூச்சுவிடாமல் பார்த்தாள். 'கை'யைத் தாண்டி, 'தவறி' வரைக்கும் வந்தது.

கூடத்தில் செருப்புச் சத்தம் எழுந்தது. பேனா அங்கேயே நின்றது. அதன் முனையில் மை ஊறிப் பொட்டாகிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.