வசவில் ஏறும் வண்டி

வெண்ணிலா வீட்டு வழி தை மாதத்தில் தரையை விட்டுக் கிளம்பி, பெரியப்பா பலராமனின் கரும்புக்கு மேலே தென்னை உயரத்துக்கு எழும்பி, பஸ் நிற்கும் ரோட்டில் போய் இறங்கியது. கரியமாணிக்கத்தில் அந்த வருஷம் வெட்டுக்கூலியும் ஏறியிருந்தது.

வழி இரண்டு வீட்டுக்கும் பொது. தம்பி செத்த மறுமாதமே பலராமன் அதில் முள்ளை வெட்டிப் போட்டார். தம்பி மகள் வெண்ணிலா மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தாள். கேளிக்கைப் பூங்காக்களில் ஆளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிற ரைடு இருக்கிறதே, அதைச் செய்கிற வேலைக்குப் போக ஆசை. காலேஜ் பஸ்ஸுக்கு அந்த ஒரு வழிதான். முள்ளுக்கு முன்னால் நின்றவளிடம், "ராட்டினம் சுத்தறதுக்கு இன்னாடி நாலு வருசம் படிப்பு? வழி வேணுமா? பறந்து போடி!" என்றார். அப்போதுதான் வழி கிளம்பியது.

அப்பன் விட்டுப்போன தள்ளுவண்டியில் பெல்ட் மாட்டி உட்கார்ந்தாள். முதல் ஏற்றம் ஏறிவிட்டால் போதும், மிச்சத்தை வேகமே பார்த்துக்கொள்ளும் என்று படித்திருந்தாள். அம்மா தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. பலராமன் திட்டினார், ஏறியது. ஒரு வசவுக்கு ஒரு முழம். உச்சிக்குப் போனதும் சரிந்து பஸ்ஸுக்கு முன்னால் நின்றது. சாயங்காலம் திரும்புவதற்கும் அவர் வாய்தான். சர்வேயர் வந்தார், அளவு தரைக்குத்தான் என்றார், மோர் குடித்துவிட்டுப் போனார்.

கடைசி வருஷம், பூங்காக்காரர்கள் காலேஜுக்கு ஆளெடுக்க வரும் நாள். "வாய மூடுய்யா, நீ திட்டித் திட்டித்தான் அவ காலேஜி போறா" என்று பலராமனின் பெண்சாதி அமுதம் முந்தின நாள் போட்டு உடைத்திருந்தாள். பலராமன் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வண்டி அடியிலேயே கிடந்தது. ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது.

வெண்ணிலா கையை நீட்டி ஓரத்துக் கரும்பு ஒன்றை ஒடித்தாள். கடித்தாள், துப்பினாள்.

"இன்னா பெரிப்பா, இதையா மில்லுக்கு அனுப்பறீங்க? மாடுகூட மோந்து பாக்காது."

துண்டு பறந்தது. "எங்கரும்புலயே கைய வெக்கிறியா? நாசமாப் போடி!"

நாசமாகவில்லை, போனாள். வேலையும் கிடைத்தது. வேலைக்குப் போன ஊரிலேயே தங்கிவிட்டாள், அதற்கப்புறம் பெரியப்பா முகத்தில் முழிக்கவே இல்லை.

பலராமனுக்கு ஆறவில்லை. விடிந்து வண்டியைப் பார்த்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். சும்மா போகிற வண்டிதானே என்று தெருக்காரர்கள் சொசைட்டிக்குப் போகும் பால் கேன்களை ஏற்றினார்கள். ஒருநாள் அவர் காய்ச்சலில் படுத்தார், பாலெல்லாம் திரிந்துபோனது. அதிலிருந்து தினமும் ஒரு வீட்டு முறை. முறைக்காரர் காலையில் போய், அவர் கண்ணெதிரே ஒரு கரும்பை ஒடித்துவிட்டு வருகிறார்.