கருகிய மீன்

ஈஸ்டர் அன்று விடியற்காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்றவைத்து மீன் வறுக்க ஆரம்பித்தேன். "என் தம்பியைக் கூட்டிட்டு வாங்க" என்றேன் கணவரிடம். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அவன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். இப்ப கூட்டிட்டு வாங்கன்னும் நான்தான் சொல்றேன்."

நானும் தம்பியும் ஒரே தையல் ஆலையில் வேலை பார்த்தோம். துணி திருட்டுப் போகிறது என்று அங்கே பின்வாசலைப் பூட்டிவிட்டார்கள். நெருப்புப் பிடித்தால் இத்தனை பேரும் எந்த வழியாக ஓடுவது என்று மேனேஜரிடம் கேட்கப் போனேன். "நான் இருக்கேன்க்கா, பயப்படாதே" என்று தம்பியும் கூடவே வந்தான். மேனேஜர் அவனைப் பார்த்து, "நீயும் இவங்க ஆளா?" என்று கேட்டதுதான் தாமதம், "எனக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே இல்லை சார்" என்று கையை விரித்தான். என் வேலை போனது. அவனைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கூடப் பிறந்தவனே காலை வாரினால் யாரிடம் போய்ச் சொல்வது? அழுதேன், திட்டினேன், பிறகு பேச்சையே விட்டுவிட்டேன்.

இன்று கோயிலில், ஆண்டவர் உயிர்த்தெழுந்தார் என்று தொண்டை கிழியப் பாடும்போது, கடைசி பெஞ்சில் அவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கல்லறையை விட்டு எழுந்து வந்தவர், தன்னைத் தெரியாது என்று சொன்ன சீடர் பேதுருவிடம் சண்டைக்குப் போகவில்லை. கரையில் நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டார். அதை நம்புகிறவள் வீட்டில் பகையை ஊறப்போட்டு வைத்திருக்கலாமா? இன்றைக்கே இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அந்தக் கதையில் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபட்டதே இல்லை. நெருப்பின் மேல் மீன் ஏற்கெனவே இருந்ததாம். அப்படியிருந்தும், மீன் பிடித்துக் கரையேறிய சீடர்களிடம், நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டு வாருங்கள் என்றாராம். கையில் இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும்?

தம்பி வந்தான். கையில் ஒரு டிபன் பாக்ஸ்.

"என்னடா அது?"

"மீனுக்கா. உனக்காக நானே வறுத்தேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றதுன்னு தெரியாம வீட்டுலயே உட்கார்ந்திருந்தேன்."

திறந்து பார்த்தால் மீனா கரியா என்று அடையாளம் தெரியவில்லை. "இதை மீன்னு நம்புறதுக்கே தனியா விசுவாசம் வேணும்" என்றார் என் கணவர்.

எனக்குச் சுருக்கென்றது. நான் அள்ளிக் கொடுக்க, அவன் கூனிக் குறுகி வாங்கிச் சாப்பிட வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருக்கிறேன். கொடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அவன் கையால் வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"கொண்டா இங்கே" என்று கருகிய துண்டை என் தட்டில் போட்டுக்கொண்டேன். கசந்தது. முள்ளைத் தவிர எதையும் மிச்சம் வைக்கவில்லை.

"அக்கா, அன்னிக்கு நான்..."

"முதல்ல சாப்பிடு. ஆறிடும்."

அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கை கழுவியதும் கேட்டேன்.

"பின்வாசல்?"

"இன்னும் பூட்டித்தான் இருக்கு."

"உள்ளே வேலை பார்க்கிற பிள்ளைங்க உன்னை நம்பித்தான் இருக்காங்க. நாளைக்கே போய்க் கேளு."

"சாவி மேனேஜர்கிட்ட இருக்குக்கா. யார் திறப்பாங்க?"

"கல்லறைக் கல்லை யார் புரட்டுவாங்கன்னு தெரியாமத்தான் ஆண்டவர் உடம்புக்குத் தைலம் பூசப் போன பொம்பளைங்களும் விடியறதுக்குள்ள கிளம்பினாங்க. நீயும் கிளம்பு. நான் ஆலை கேட்டுக்கு வெளியில நிக்கிறேன்."

தம்பி காலி டிபன் பாக்ஸை மூடினான். பிறகு நிமிர்ந்தான்.

"வெளியில வேண்டாம்க்கா, என் கூட உள்ளே வா. நீயும் இவங்க ஆளான்னு மேனேஜர் இன்னொரு தடவை கேட்கட்டும்."