காட்டித்தராத அடி

கால் தானாக நகர்ந்ததா, இல்லை, தான்தான் நகர்த்தினானா... யோகநாதனுக்குப் பிடிபடவில்லை, கம்பு பிடிக்கத் தொடங்கி மூன்றே நாள், உள்ளங்கைக் கொப்புளம் இன்னும் உடையக்கூட இல்லை, நாற்பது வயதில் இதெல்லாம் தேவையா என்றுதான் முதலில் பின்வாங்கினான், ஆனால் போன வருடக் கலவரத்துக்குப் பிறகு ஓமந்தைப் பக்கத்துக் குடியேற்றத்தில் ஆண்கள் எல்லாரும் சிலம்படி பழகுவதென்று முடிவாகிவிட்டது, மனைவி அன்னபாக்கியமும் "எல்லாரும் போகினம், நீங்களும் போங்கோவன்" என்று தள்ளிவிட்டாள், சரி, வந்தான், வற்றிய குளத்துக்குள் மாலை வெயிலில் பத்துப் பேரோடு நின்றான், பழக்குகிற பாலன் இவனைவிடப் பதினைந்து வயது இளையவன், இரண்டே இரண்டு வீச்சுத்தான் சொல்லிக்கொடுத்திருந்தான், இதுவோ இரண்டிலும் சேரவில்லை, கம்பு கீழிருந்து வளைந்து ஏறி, இடுப்புத் திரும்பி, எதிரே ஆள் நின்றால் இடக்காதுக்குப் பின்னால் விழுகிற உயரத்தில், காற்றில் அப்படியே நின்றது.

"யோகண்ணை, இதை ஆர் உங்களுக்குக் காட்டித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை."

"நான் தரேல்லையே... இது ஆளை விழுத்துற அடி அண்ணை. கை படிய ரெண்டு வருசம் செல்லும்."

எங்கே பார்த்தேன், கோயில் திருவிழாவிலா, இல்லை, அங்கே கூட்டத்துக்குப் பின்னால் அல்லவா நின்றேன்... பிறகு ஏன் வாய்க்கால் கண்ணுக்குள் வருகிறது, மூன்று வருடத்துக்கு முந்திய அந்தக் காலை, தண்ணீர் முறை இவனுடையது, பக்கத்து வயல் தில்லைநாதன் வாய்க்காலை மறித்துவிட்டான், கேட்கத்தான் போனான், பாம்புக்காகக் கையில் ஒரு தடி, தில்லைநாதனின் முதுகு நினைவிருக்கிறது, இடுப்பில் கட்டிய நனைந்த சாரம் நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு குசினி வாசல், அன்னபாக்கியம் செம்பிலிருந்து கைக்குத் தண்ணீர் வார்க்கிறாள், நடுவில்... நடுவில் ஒன்றுமே இல்லை, ஏன் கை கழுவினேன், சேறா, சேறாகத்தான் இருக்கும், தில்லைநாதன் மதகுக் கல்லில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றார்கள், இவனும் அப்படித்தான் சொன்னான், வவுனியா ஆசுபத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோகையில் தலைமாட்டில் இருந்து தாங்கிப் பிடித்ததும் இவன்தான், உயிர் தப்பிவிட்டது, பேச்சு மட்டும் திரும்பி வரவில்லை.

அந்தத் தில்லைநாதன் இப்போது குளக்கட்டில் இருக்கிறான், மனைவி நேசமலர் தினமும் காற்றாட அழைத்துவருவாள், கீழே பத்துக் கம்புகள் சுழல்வதை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பான், இன்றைக்கும் அப்படித்தான், முகத்தில் ஒன்றுமில்லை... ஒருமுறை, ஒரேயொருமுறை செய்து பார்த்தால் என்ன, யோகநாதன் கம்பைத் தாழ்த்தினான், இடுப்பு திரும்பத் தொடங்கியது, கம்பு இன்னும் ஏறவே இல்லை, நாற்பது அடிக்கு அப்பால் தில்லைநாதனின் கை மெல்ல எழுந்து இடக்காதைப் பொத்தியது.

"என்னப்பா, காது நோகுதே?" என்று நேசமலர் குனிந்து கேட்பது தெளிவாகக் கேட்டது, மற்றவர்களின் கம்புகள் எல்லாம் நின்றிருந்தன, தில்லைநாதன் அவளைப் பார்க்கவில்லை, இவனைத்தான் பார்த்தான், கோபமாகக்கூட இல்லை, காத்திருப்பவனைப்போல.

"நாளைக்கு உந்த அடியை எல்லாருக்கும் ஒருக்காச் செய்து காட்டுங்கோ அண்ணை," என்றான் பாலன்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான், "ஓம், வாறன்" என்று வந்தது, குரலில் நடுக்கமே இல்லை, அதுதான் அவனைத் திடுக்கிட வைத்தது, நெஞ்சுக்குள் பயத்தைத் தேடினான், அங்கே பயம் இல்லை, நன்றாகச் செய்த வேலையைப் பிறர் மெச்சும்போது வருகிற இளஞ்சூடான பெருமை ஒன்று இருந்தது... அது இன்றைக்குத்தான் வந்ததா, மூன்று வருடமாகவே அங்கே இருந்ததா.