மசூதி முனையில் ஊதாத கிளாரினெட்

ரங்கீசராய் என்ற வடக்கத்தி ஊரில் தம்டிலாலின் டிரம்பெட்டுக்குத் தனி மரியாதை உண்டு. ஒருமுறை மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க ரயிலடியில் நின்று அவர் ஊத, கார்டு விசிலடித்துவிட்டார் என்று நினைத்து இரண்டாம் பிளாட்பாரத்து வண்டி கிளம்பிப் போய்விட்டது. அது இன்றுவரை எந்த ஊருக்கும் போய்ச் சேரவில்லை. இதை ரயில்வேக்காரர்கள் மறுத்ததில்லை, யாரும் அவர்களைக் கேட்காததால்.

இப்படிப்பட்டவரையும் அவருடைய இருபத்திரண்டு ஆள் பேண்டையும் நடிக்கக் கூப்பிட்டு ஒரு சினிமா கம்பெனி வந்து இறங்கியது. முப்பத்தோரு வருடத்துக்கு முன் ராமநவமி ஊர்வலத்தில் இந்த ஊரில் மூண்ட கலவரம்தான் படம். ‘உண்மைக் கதை’ என்று கதாநாயகியின் முகத்தைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அந்தக் கலவரத்தில் செத்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஒருவர் அச்சன் மியான். பத்தொன்பது வருடம் தம்டிலாலின் இடதுகைப் பக்கம் நின்று கிளாரினெட் வாசித்தவர்.

இதே கலவரத்தை வைத்துப் போன வருடமே ஒரு படம் வந்திருந்தது. அது எதிர்க்கட்சிக்காரர்களின் காசு. அதில் ஊர்வலத்தில் வந்தவன் அத்தனை பேரும் பேய். தம்டிலால் மாதிரி மீசை வைத்த ஒருவன் டிரம்பெட்டுக்குள்ளிருந்து வாளை உருவுவான். கொட்டகையில் உட்கார்ந்து பார்த்த தம்டிலால், “எச்சி வடியவே அதுல எடம் பத்தல, வாள எங்கடா வெக்கறது?” என்று சத்தமாகவே கேட்டார். அத்தோடு மறந்தும் விட்டார். இந்தப் படம் ஆளும் கட்சியின் காசு. ஆனால் அவரிடம் யாரும் கதை சொல்லவில்லை. “ஊர்வலம் போகும், நீங்க வாசிச்சிட்டே போங்க” என்றார்கள். வாசிப்பதற்குக் கதை எதற்கு என்று அவரும் சரி என்றுவிட்டார்.

காலை ஏழு மணிக்கு முதல் ஷாட். பேண்ட் அமர்க்களமாகக் கிளம்பியது. இன்றும் லயீக்கின் பெயரிலேயே இருக்கும் தையல்கடை வந்ததும் இருபத்திரண்டு பேரின் கையும் ஒரே கையாகக் கீழே இறங்கியது. கிளாரினெட் அக்குளுக்குப் போனது, குச்சி இடுப்புக்குப் போனது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

“கட்! ஏன் நிறுத்தினீங்க?” என்று டைரக்டர் விரேஷ் ஓடிவந்தார்.

“மசூதி வந்துடுச்சே சார்.”

“அது எனக்கும் தெரியுது.”

“தெரிஞ்சிக்கிட்டே கேக்கறீங்களே.”

அந்த ஊர் வழக்கம் அது. எந்தச் சாமி ஊர்வலமானாலும் தையல்கடையில் வாத்தியம் இறங்கும். மசூதிப் படியில் நிற்பவர்கள் ரோஜா சர்பத் கொடுப்பார்கள். குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தால் மருந்துக்கடை. அங்கே விழும் முதல் டிரம் அடியில்தான் ஊர்வலத்துக்கே உயிர் வரும். இதை எவரும் எழுதி வைக்கவில்லை. உதட்டிலும் விரலிலும் இருந்தது.

இரண்டாம் ஷாட்டில் நிறுத்தக்கூடாது என்று தம்டிலால் எல்லோரையும் எச்சரித்தார். தையல்கடை வந்தது. முதலில் இறங்கியது அவருடைய டிரம்பெட்தான். “சத்தியமா நான் எறக்கலப்பா, அதுவா எறங்குது” என்றார். டிரம் அடிக்கும் மங்கரு, “என் குச்சியும் என் பேச்ச கேக்கல லாலா” என்றான்.

மூன்றாம் ஷாட்டில் வேறொன்று நடந்தது. வாத்தியம் நின்ற பழக்கத்தில், மசூதிப் படியில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நசீபன் சர்பத் ஜாடியோடு கேமராவுக்கு நடுவே வந்துவிட்டாள். அவள் அச்சன் மியானின் மனைவி. கிளாரினெட்டும் வெள்ளைத் தொப்பியுமாக நின்ற நடிகனுக்கு ஒரு கிளாஸ் நீட்டினாள்.

“நீ யாருப்பா இதுல?”

“அச்சன் மியான்ம்மா.”

“அவரு உன் தோளுக்குத்தான் வருவாரு. ஒசரம் போட்டுக் குடுத்திருக்காங்க, நல்லாயிருக்கட்டும். என்ன பண்ணப் போற?”

பையன் கபடமில்லாதவன். தன் பங்கை ஒருவர் விசாரித்ததே அவனுக்குச் சந்தோஷம். “இந்த இடத்துல நான் நீளமா ஒண்ணு ஊதுவேம்மா. அதான் சிக்னல். ஒடனே மாடியிலேர்ந்து கல்லு விழும்.”

நசீபன் கிளாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தம்டிலாலை மட்டும் பார்த்தாள். அவருக்கு டிரம்பெட் ஒரு மணங்கு கனத்தது.

அன்று நடந்தது அவருக்குத் தெரியும். லாரியில் வந்து இறங்கிய வெளியூர்க்காரர்கள், “வாசிங்கடா, யாருக்குப் பயம்!” என்று கத்தினார்கள். அச்சனின் கிளாரினெட் அக்குளில் இருந்தது, கையில் சர்பத் கிளாஸ். எங்கிருந்தோ ஒரு கல் வந்தது. முதலில் விழுந்தவன் அச்சன். அதற்கப்புறம்தான் இரண்டு பக்கமும் மனிதர்கள் மனிதர்களாக இல்லாமல் போனார்கள்.

“சார், அவன் ஊதல” என்றார் டைரக்டரிடம் போய்.

“சாச்சா, படத்துக்கு ஒரு காரணம் வேணும். யாரு ஆரம்பிச்சாங்கன்னு ஜனங்க கேப்பாங்கல்ல?”

“நாங்களும் முப்பத்தோரு வருஷமா கேட்டுட்டுத்தான் இருக்கோம். உங்களுக்கு மும்பையிலேயே தெரிஞ்சிடுச்சா?”

“நீங்க ஊதற மாதிரி நடிச்சா போதும். சத்தத்த நாங்க அப்புறம் சேத்துக்கறோம்.”

“அதத்தான் சார் நானும் சொல்றேன். இல்லாத சத்தத்த சேக்காதீங்க.”

தானாக இறங்கிக்கொண்டிருந்த வாத்தியங்கள் நாலாம் ஷாட்டிலிருந்து வேண்டுமென்றே இறங்கின. ஐந்தில் இறங்கின. எட்டில், மாடியில் அட்டைக் கல்லோடு நிறுத்தப்பட்டிருந்த உள்ளூர்க்காரர்கள் கல்லைக் கீழே வைத்துவிட்டு, “எங்களுக்கும் சர்பத் உண்டா?” என்று கேட்டார்கள். பதினான்காம் ஷாட்டில் ரதத்தில் பூட்டியிருந்த குதிரையே தையல்கடையில் நின்றுவிட்டது. அது லக்னோவிலிருந்து வாடகைக்கு வந்த குதிரை. ஊர் வழக்கம் அதற்கு எப்படித் தெரிந்தது என்று விசாரித்தேன். குதிரைக்காரன் சரியாகப் பதில் சொல்லவில்லை.

தெருவை அடைத்து வைக்க ஐந்து மணி வரைதான் அனுமதி. நாலரைக்கு டைரக்டர் வேறு வழிக்கு வந்தார். மிச்சத்தை மும்பையில் ஒட்டுப்பலகை மசூதி போட்டு எடுத்துக்கொள்வாராம். ஒரு நாற்காலி போட்டுத் தம்டிலாலை மசூதிக்கு எதிரே உட்காரவைத்தார்.

“ஒரே ஒரு வரி, சாச்சா. ‘நான் அங்க இருந்தேன், என் கண்ணால பாத்தேன்.’ அவ்வளவுதான். இது பொய்யில்லையே?”

“பொய்யில்ல. எங்க வரும் இது?”

“படம் முடியறப்ப.”

தம்டிலாலுக்குப் புரிந்தது. பொய் முழுக்க அவர்களுடையது, கடைசியில் ஒட்டுகிற பசை மட்டும் இவருடையது. எழுந்து போயிருக்கலாம். நசீபன் படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் மீசையைத் தடவிவிட்டு, “கேமராவ போடுங்க” என்றார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. தம்டிலால் டிரம்பெட்டுக்கு இழுக்கிற மூச்சை இழுத்தார். மெலிதாகக் காற்று வாங்கி, இடைவெளியே விடாமல் கல்யாண ஊர்வலம் முழுக்க ஒரே சுரத்தை இழுக்கிறவர் அவர்.

“அச்சன் மியான் ஊதலன்னு நான் பாத்தேன் கிளாரினெட் அக்குள்ளதான் இருந்துச்சுன்னு பாத்தேன் கையில சர்பத் இருந்துச்சு கல்லு யாருதுன்னு எனக்குத் தெரியாது போன படக்காரனுக்கும் தெரியாது இந்தப் படக்காரனுக்கும் தெரியாது தெரிஞ்ச மாதிரி காட்டறவன் கல்லெறிஞ்சவனுக்கு ஒறவுன்னு...”

டைரக்டர் ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். அந்த மனிதர் காதுக் கருவியைக் கழற்றிவிட்டு, “சார், இதுல கத்திரி போட எடமே இல்ல. எங்க வெட்டினாலும் ‘ஊதல’ன்னு வருது” என்றார்.

“நிறுத்து! கேமராவ நிறுத்து!”

சிவப்பு விளக்கு அணைந்தது. தம்டிலால் நிறுத்தவில்லை. நாற்காலியை மட்டும் கேமராவிடமிருந்து தெருவின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். தெருவை அடைத்துக் கட்டிய கயிற்றுக்கு அந்தப்புறம் நின்ற ஊர் முழுவதும் இப்போது அவருக்கு எதிரே இருந்தது.

“செத்தவங்க பேர சொல்றேன். படத்துல வராது, இங்கயே கேட்டுக்குங்க. அச்சன் மியான். பால்கார ராம்ஸ்வரூப். தையல்கார லயீக். மங்கருவோட அண்ணன் ஜீத்தன்...”

“அண்ணன் இல்ல லாலா, பெரியப்பா மகன்” என்றான் மங்கரு.

“சரி, பெரியப்பா மகன். அப்புறம் வளையல்கார பச்சு...”

“பச்சு அன்னிக்கு சாகல. மூணாம் நாள் ஆஸ்பத்திரியில போனான்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“ரெண்டாம் நாள்!” என்று கூட்டத்தில் ஒரு கிழவி கத்தினாள். “எம் புருஷன் செத்த நாள் எனக்குத் தெரியாதா?”

கம்பெனி ஆட்கள் விளக்குகளை வேனில் ஏற்றினார்கள். போலீஸ்காரர் வந்து, ஐந்து மணி ஆகிவிட்டது, தெருவைத் திறக்க வேண்டும் என்றார். “திறந்துக்குங்க, யாரு வேணாம்னது?” என்றார் தம்டிலால். நசீபன் படியிறங்கி வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ரெண்டாம் நாள்தான்” என்றாள். “திருத்திக்கோ, லாலா. மேல சொல்லு.”

அவர் ஆறாவது பேருக்குப் போனார்.