மாமனாருக்குப் பல் வெட்டிய நாள்

மீனின் வாய்க்குள் பல் வெட்டும் குறட்டை நுழைத்தபடி, "வலிக்காது, பயப்படாதீங்க" என்றாள். பல் மருத்துவரிடம் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தவளுக்கு அது தானாக வாயில் வந்தது. சக்கர நாற்காலியில் இருந்த கணவர் குலுங்கிச் சிரித்தார்.

அன்று காலைதான் மருத்துவமனையில் கையை விரித்திருந்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில், இருபது வருஷம் வேலை பார்த்த மீன் காட்சியகத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னார் அவர். உள்ளே போனால், முள் பேத்தை மீன் பத்து நாளாகப் பட்டினி. உடம்பெல்லாம் கவசமாக முள். வாயில் கிளிமூக்குப் போல ஒட்டிய பல். அது வளர்ந்துகொண்டே இருக்கும். அவர்தான் அவ்வப்போது வெட்டிவிடுவார். இப்போது வாயை மூடவே முடியாதபடி வளர்ந்துவிட்டது. அவர் இடத்துக்கு வந்திருந்த பெண்ணுக்கோ வெட்டப் பயம். அவருக்குக் கை நடுக்கம். அதனால் குறடு மனைவியின் கைக்கு வந்தது.

மயக்க மருந்து கலந்த தண்ணீரில், ஈரத்துணிக்குள் மீனைப் பிடித்துக்கொண்டாள் அந்தப் பெண். மூன்றே வெட்டு. நல்ல தண்ணீருக்கு மாற்றியதும் மீன் விழித்துக்கொண்டு பந்தாக உப்பியது.

"மாமனாருக்குக் கோபம் வந்துடுச்சு" என்றார் கணவர்.

"யாரு மாமனாரு?"

"இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்க்கா. சார் வெச்ச பேரு" என்றாள் அந்தப் பெண்.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு மனைவி அவரைப் பார்த்தாள். "எங்கப்பாவையா சொல்றீங்க?"

"பொண்ணு கேட்டு வந்தன்னிக்கு இப்படித்தானே உப்பிக்கிட்டு நின்னாரு."

முறைக்கத்தான் நினைத்தாள். ஆனால் மீனைத் திரும்பிப் பார்த்தால் அதே உருண்டைக் கண், அதே கன்னம். சிரிப்பை அடக்க முடியாமல், கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் உப்பல் வடிந்தது. அந்தப் பெண் போட்ட சிப்பியை மீன் கடக்கென்று உடைத்தது. இன்னொன்று போடச் சொல்லிக் கேட்டார் அவர். பிறகு இன்னொன்று.

காரில் அவள் தோளில் சாய்ந்துகொண்டார். "இருந்தாலும் கடைசியில ஒத்துக்கிட்டாரு, நல்ல மனுஷன்" என்றார். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்பா அன்றைக்கு இவருக்குத் தெரியாமல் அறைக்குள் போய்க் கண்ணாடி முன்னால் முறைத்துப் பழகியதை, இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தாள்.

தோளில் பாரம் கூடியிருந்தது. அவர் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை.

வண்டி திரும்பியபோது வெயில் அவர் முகத்தில் விழுந்தது. உள்ளங்கையை விரித்து வெயிலை மறைத்துப் பிடித்தாள்.