அவள் பேரில் அடித்த சத்தம்

கட்டட வேலைக்கு வந்த எல்லோர் கையிலும் ஒரு வாட்ச் கட்டிவிட்டார்கள். அது மணி காட்டாது. நாடித்துடிப்பைப் பார்க்கும். துடிப்பு எகிறினால் கீழே ஆபீஸில் அந்த ஆளின் பேரோடு சத்தம் வரும். உடனே சூப்பர்வைசர் அவரை நிழலில் உட்காரவைப்பார். அடிக்கடி வந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

மேல்தளத்தில் கம்பி கட்டுகிறவனுக்கு அடிக்கடி வந்தது.

"டாக்டர்கிட்ட போய்ட்டுத்தான் வாங்களேன்" என்றாள் அவன் மனைவி. அதே கட்டடத்தில் கீழே மணல் சலிக்கிறவள்.

"போனா வேலைக்குப் போகாதேம்பான். அப்புறம் நாள் பூரா உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரணும்."

"எம் மூஞ்சிக்கு என்ன கேடு?"

"ஒண்ணுமில்ல தாயே. அதப் பாத்தாலும் படபடன்னுதான் அடிச்சுக்குது."

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் தன் வாட்சைக் கழற்றி அவன் கையில் கட்டினாள். அவனுடையதைத் தான் கட்டிக்கொண்டாள். யோசனை அவளுடையதுதான். அவளுக்கு ஒருநாளும் சத்தம் வந்ததில்லை. வந்தாலும் பெண்களிடம் சூப்பர்வைசர் சீட்டு கேட்பதில்லை. "பொம்பளைங்களுக்கு வெயில்ல அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்.

அதன் பிறகு அவனுக்கு மேலே மூச்சு வாங்கும்போதெல்லாம் கீழே அவளை உட்காரவைத்தார்கள்.

"குடுத்து வெச்ச மகராசி" என்றாள் கூடச் சலிக்கிற அக்கா. "எப்பப் பாரு நெழல்லயே இருக்கா."

அவள் மேல்தளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் சண்டை போடுவாள். "எனக்கும் சேத்து நீயே ஓய்வு எடு" என்பான் அவன்.

அன்று வந்தது வேறு சத்தம். விடாமல் அலறியது. இனி இந்த உடம்பு தாங்காது என்றால் வருகிற சத்தம் அது. ஸ்ட்ரெச்சரோடு அவளிடம் ஓடிவந்தார்கள். அவள் சல்லடையைப் போட்டுவிட்டு லிஃப்டைப் பார்த்து ஓடினாள்.

"புடிங்க! ஓட விடாதீங்க!"

"நான் இல்ல சார்! மேல அவரு! வாட்ச மாத்திக் கட்டிருக்கோம்!"

"பினாத்துது பாரு" என்றார் சூப்பர்வைசர்.

வெயில் தலைக்கேறினவர்கள் பினாத்துவார்கள், எழுந்து ஓடப் பார்ப்பார்கள், விடக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொன்னபடியே செய்தார்கள். இரண்டு பேர் தோளை அமுக்கினார்கள். அக்கா காலைப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி தலையில் தண்ணீரைக் கொட்டினார்.

"அவரப் பாருங்கய்யா! யாராவது மேல போங்கய்யா!"

"ஒண்ணும் ஆகாதும்மா, பேசாம படு." சூப்பர்வைசர் தன் போனில் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எறங்குது. இன்னும் ஊத்து. நல்லா எறங்குது."

அவள் கத்துவதை நிறுத்தினாள். தண்ணீர் வேலை செய்கிறது என்று நினைத்தார்கள். ஆபீஸில் அலறிய சத்தமும் நின்றது. அக்கா "அப்பாடா" என்று காலை விட்டாள்.

அப்போதுதான் மேலிருந்து ஒருவன் ஆள் விழுந்து கிடப்பதாகக் கத்தினான்.

தூணுக்குக் கட்டிய கம்பிகளின் பின்னால் கிடந்தான். அந்தப் பக்கம் வேறு யாரும் வேலை செய்யவில்லை. சூப்பர்வைசர் அவன் கையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"ஏம்மா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

'மொதல்ல' என்று எதைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து அவன் வாயோரம் ஒட்டியிருந்த சிமெண்ட் தூசியைத் துடைத்தாள். அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் அவன் முகத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது.